மருமகனை விசாரிக்கப் போய் ரத்தம் கொடுத்த மாமன்

லெப்பைக்குடிக்காடு,
வியாழன், லுஹர் தொழுகைக்குப் பின்.

அன்பும் கண்ணியமும் நிறைந்த மச்சான் நத்தர்ஷா அவர்களுக்கு உங்கள் மைத்துனன் ஜபருல்லா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் சுல்தானாவும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். அங்கு நீங்களும் அக்கா ஃபைஸாவும் நலமாக இருக்க துஆ செய்கிறோம். நாங்கள் நலம் என்று இந்தத் தடவை வழக்கத்துக்காக எழுதவில்லை. லேபில் ரத்தம் பார்த்து உறுதி செய்துகொண்டு எழுதுகிறேன். உங்கள் மகன் வாசிமும் பார்வைக்கு நலமாகத்தான் இருக்கிறான். அதற்கு மேல் அவனைப் பற்றி உறுதி சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது என்று ஒரு டாக்டரம்மா சொல்லிவிட்டார். அது என்ன கதை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஃபோனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். ஃபோனில் நான் எதை ஆரம்பித்தாலும், 'சுருக்கமா சொல்லு ஜபரு, டூட்டில இருக்கேன்' என்பீர்கள். இந்த விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னால் உங்கள் மகன் கெட்டுப்போய்விட்டான் என்றோ, நான் கெட்டுப்போய்விட்டேன் என்றோதான் காதில் விழும். முழுசாகச் சொன்னால்தான் இரண்டு பேரும் தப்பிப்போம். அதனால் நம் தெருவிலிருந்து ஷார்ஜா கிளம்பும் பிள்ளையிடம், அக்காவுக்கு அனுப்பும் முறுக்கு டப்பாவோடு சேர்த்து இதைக் கொடுத்தனுப்புகிறேன். டப்பா அக்காவுக்கு, கடிதம் உங்களுக்கு மட்டும்.

வாசிமைப் பெரம்பலூரில் கல்லூரியில் சேர்த்துவிட்டு நீங்களும் அக்காவும் விமானம் ஏறுவதற்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'இனிமே நீதான் அவனுக்கு கார்டியன்' என்று சொன்னீர்கள். அன்றிலிருந்து அந்த வேலையை நான் எவ்வளவு சிரத்தையாகச் செய்து வருகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். கல்லூரியில் என் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறோம். ஹாஸ்டலில் தண்ணீர் வரவில்லை என்றாலும் எனக்குத்தான் மெசேஜ் வரும், மெஸ்ஸில் பொங்கலுக்குப் பதில் உப்புமா என்றாலும் எனக்குத்தான் வரும். அப்படி ஒரு நாள் கடையில் ஒரு அம்மாவுக்கு ரவிக்கைத் துணி அளந்துகொண்டிருக்கும்போது ஒரு மெசேஜ் வந்தது. மாணவர் நல மையத்தில் இந்த வாரம் முழுவதும் எஸ்.டி.ஐ. ஸ்கிரீனிங் நடக்கிறது, மாணவர்கள் பயன்படுத்திக்கொள்ளவும் என்று இருந்தது. ஸ்கிரீனிங் என்றதும் ஏதோ படம் போடுகிறார்கள் என்று நினைத்தேன். படிக்கிற இடத்தில் வாரம் முழுக்க என்ன படம் வேண்டிக்கிடக்கிறது என்று ஆத்திரப்பட்டுக்கொண்டு, பக்கத்தில் செல்ஃபோன் கடை வைத்திருக்கும் அருள்முருகனிடம் காட்டினேன்.

"பாய், எஸ்.டி.டி.ன்னா எனக்குத் தெரியும். எங்கப்பா பூத்து வச்சிருந்தாரு. எஸ்.டி.ஐ. புதுசா இருக்கே" என்று சொல்லிவிட்டு அவர் தன் ஃபோனில் தேடினார். தேடத் தேட முகம் மாறியது. கடைசியில் எழுந்து போய் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"பாய், இது படம் இல்ல. ஒடம்பு சமாச்சாரம். ஆம்பள பொம்பள சகவாசத்துல வர்ற சீக்கு இருக்குல்ல, அதுக்கு டெஸ்ட் எடுக்குறாங்க."

"யாருக்கு?"

"புள்ளைங்களுக்கு."

"எல்லாப் புள்ளைங்களுக்குமா?"

"அது தெரியல பாய். ஆனா உங்களுக்குல்ல மெசேஜ் வந்திருக்கு?"

மச்சான், அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. எல்லா கார்டியனுக்கும் அதே மெசேஜ் போயிருக்கும் என்பது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை. என்னைத் தேடிப் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள் என்றால் நம் பிள்ளை என்னவோ செய்துவிட்டான் என்றே முடிவு கட்டினேன். ரவிக்கைத் துணி அம்மாவை நாளைக்கு வரச் சொல்லிவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறினேன். வழி நெடுக மக்காச்சோளக் காடாக ஓடியது, ஒன்றும் கண்ணில் படவில்லை. ஷார்ஜாவில் நீங்கள் ஃபோனை எடுத்ததும் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்பதையே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

நல மையம் கேன்டீனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வாசலில் ஒரு போர்டு. 'பாலியல் நோய்த்தொற்றுப் பரிசோதனை. இலவசம். ரகசியம்.' ரகசியம் என்ற வார்த்தையை மெயின் ரோட்டில் போகிற பஸ் டிரைவரே படிக்கலாம், அத்தனை பெரிய எழுத்து. பையன்களும் பெண் பிள்ளைகளும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். வெட்கமாவது ஒன்றாவது! கேன்டீனில் டோக்கனுக்கு நிற்கிற மாதிரி ஃபோனைப் பார்த்துக்கொண்டு சாவகாசமாக நிற்கிறார்கள். வரிசையின் முன்னால் மேசை போட்டு, கழுத்தில் பச்சை அட்டை தொங்க, டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தவன் நம் வாசிம்.

"மாமா! நீங்க எங்க இங்க?"

"அதத்தான்டா நானும் ஒன்னயக் கேக்குறேன்."

"நான் வாலண்டியர் மாமா."

"இந்தச் சீக்குக்கெல்லாமா வாலண்டியரா வருவாங்க?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். வாசிம் சிரிக்கவில்லை. என்னை ஓரமாக அழைத்துப் போய், தான் உதவிக்கு நிற்பதாகவும், ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் இப்படி ஒருவர் நிற்பதாகவும் பொறுமையாகச் சொன்னான். நான் அதைக் காதில் வாங்காமல், "நீ டெஸ்ட் எடுத்தியா, இல்லையா? அதச் சொல்லு" என்றேன். "அத நான் யாருக்கும் சொல்லணும்னு இல்ல மாமா" என்றான். குரல் உயரவில்லை, மரியாதையும் குறையவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. திரைச்சீலையை விலக்கிக்கொண்டு நேராக டாக்டர் அறைக்குள் போய்விட்டேன்.

உள்ளே இருந்தது சத்யப்பிரியா என்ற டாக்டரம்மா. குரும்பலூர்க்காரர், நம் கடையில் துணி எடுக்க வருகிற கல்யாணப் பெண்களின் வயதுதான் இருக்கும். உட்காரச் சொன்னார். நான் உட்காராமலே பேசினேன்.

"நான் வாசிமோட கார்டியன். அவனுக்கு டெஸ்ட் எடுத்தீங்களா, எடுத்திருந்தா அதுல என்ன வந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்."

"அவருக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சு சார். டெஸ்ட் எடுத்தாரா இல்லையாங்கிறதக்கூட நான் சொல்லக் கூடாது."

"ஹாஸ்டல்ல தண்ணி வரலன்னாக்கூட எனக்கு மெசேஜ் அனுப்புறீங்க!"

"தண்ணி ஹாஸ்டலோடது சார். ரத்தம் அவரோடது."

நான் பேச்சை மாற்றி, எங்கள் ஊரில் இந்த மாதிரிச் சீக்கெல்லாம் கிடையாது என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். ஆளைப் பார்த்தாலே தெரியாதா என்றேன். "தெரியாது சார். நெறைய பேருக்கு ஒரு அறிகுறியும் இருக்காது. அதுக்குத்தான் டெஸ்ட்டே" என்றார். "அப்ப என்னயப் பாத்து எனக்கு இருக்கா இல்லையான்னுகூட உங்களால சொல்ல முடியாதா?" என்றேன். முடியாது என்றார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. சட்டைக் கையை மடித்து நீட்டி, "எடுங்க, எனக்கே எடுங்க! என்ன வருதுன்னு பாத்துருவோம்!" என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்த்தார்கள். நான் சவால் விட்டதாக நினைத்தேன். டாக்டரம்மா அதை விண்ணப்பமாக எடுத்துக்கொண்டார். "தாராளமா சார். ஸ்டாஃபுக்கும் பேரன்ட்ஸுக்கும்கூட இன்னிக்குப் பாக்குறோம். ஆனா கோவத்துல எடுக்கக் கூடாது. மொதல்ல கவுன்சிலிங் போயிட்டு வாங்க" என்றார். திரும்பி வெளியே வந்தால் வாசிம் எனக்கு ஒரு டோக்கன் கொடுத்தான். அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால் இனி பின்வாங்க முடியுமா?

கவுன்சிலிங் அறையில் ஜெகதாம்பாள் என்று ஒரு அம்மா. விக்கிரமங்கலத்திலிருந்து பஸ் மாறி மாறி வேலைக்கு வருகிறவராம். ரேஷன் கடையில் எத்தனை லிட்டர் மண்ணெண்ணெய் என்று கேட்பது மாதிரி கேள்வி கேட்டார், முகத்தில் ஒரு சுளிப்பு கிடையாது.

"கல்யாணம் ஆயிருச்சா பாய்?"

"ஆயிருச்சு."

"ஒரு கல்யாணந்தானா?"

"ஒண்ணுதாம்மா!"

"வெளிநாட்டுல இருந்தீங்களா?"

"தம்மாம்ல ரொம்ப வருசம் இருந்தேன்."

"தனியாவா?"

"ரூம்ல எட்டுப் பேரு."

அந்தம்மா நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணா சமைச்சுச் சாப்புடுவோம்னு சொல்ல வந்தேம்மா" என்றேன்.

"வீட்டுக்காரம்மா இல்லாம வேற யாரோடயாச்சும் தொடர்பு உண்டா?"

"அஸ்தஃபிருல்லாஹ்!"

"அத உண்டுன்னு எடுத்துக்கவா, இல்லன்னு எடுத்துக்கவா?"

"இல்லவே இல்ல!"

"சமீபத்துல காய்ச்சல், ஒடம்புக்கு முடியாம இருந்தது, ஏதாச்சும்?"

"எனக்கா? இரும்பு மாதிரி இருக்கேன்" என்றேன். அந்த வேகத்தில் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். எச்.ஐ.வி.க்கும் சேர்த்துப் பார்க்கச் சம்மதமா என்று கேட்டுக் கையெழுத்து வாங்கினார். போட்டேன். ரத்தம் எடுத்தார்கள். வெற்றி பெற்றவன் மாதிரி சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு ஊருக்கு வந்தேன். அருள்முருகனிடம், "போயி ஒரு கேள்வி கேட்டேன் பாருங்க" என்று பாதியை மட்டும் சொன்னேன்.

அடுத்த வாரம் நல மையத்திலிருந்து ஃபோன். நேரில் வரச் சொன்னார்கள். மருமகன் சமாச்சாரமாக இருக்கும், என் சத்தத்துக்குப் பயந்து இறங்கி வந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு, "சார், எச்.ஐ.வி., மஞ்சக்காமாலை ரெண்டுலயும் ஒண்ணும் இல்ல. வி.டி.ஆர்.எல்.னு ஒரு டெஸ்ட், அது மட்டும் ரியாக்டிவ்னு வந்திருக்கு" என்றார். அது எதற்கான டெஸ்ட் என்றேன். சிஃபிலிஸ் என்றார். புரியவில்லை என்றேன். "மேக நோய்ம்பாங்க சார்" என்றார்.

மச்சான், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஒதுங்குகிற சுவரில் மஞ்சள் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்களே, 'வைத்தியரை லாட்ஜில் சந்திக்கலாம், ரகசியம் காக்கப்படும்' என்று? அந்த வார்த்தையை அங்கே தவிர வேறெங்கும் நான் படித்ததில்லை. நோட்டீஸைப் படிப்பதற்குக்கூட வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள் நான். டாக்டரம்மா அதற்குப் பிறகும் பேசிக்கொண்டேதான் இருந்தார். இது முதல் கட்ட டெஸ்ட் என்றும், வேறு காரணத்தாலும் இப்படிக் காட்டும் என்றும், உறுதி செய்ய இன்னொரு டெஸ்ட் இருக்கிறது என்றும், உண்மையாகவே இருந்தாலும் ஊசியில் குணமாகிவிடும் என்றும், தட்டு டம்ளரால் பரவாது என்றும் சொன்னதாகப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். அப்போது எனக்கு அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. மறுபடியும் ரத்தம் எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை வரச் சொன்னார். "வீட்ல சொல்லிருங்க சார். அவங்களும் வந்தா நல்லது" என்றார். அது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது.

சொல்வதாவது? நான் ஒரு தப்பும் செய்யவில்லை, அது எனக்குத் தெரியும், என்னைப் படைத்தவனுக்குத் தெரியும். மூன்றாவதாக யாருக்கும் தெரிய வழியில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. தம்மாமில் இத்தனை வருஷம் தனியாக இருந்துவிட்டு வந்தவன், ரத்தத்தில் இப்படி வந்திருக்கிறது, ஆனால் நான் ஒன்றும் செய்யவில்லை என்றால் எந்தப் பெண்தான் நம்புவாள்? வேறொருவன் என்னிடம் வந்து இதையே சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேனா? வீட்டுக்கு வந்து என் தட்டை நானே கழுவ ஆரம்பித்தேன். டம்ளரில் ஆணியால் அடையாளம் போட்டுத் தனியாக வைத்தேன். துண்டைக் கொல்லையில் தனிக் கொடி கட்டிக் காயப்போட்டேன். புது சோப்பு ஒன்றை வாங்கி அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். சுல்தானா பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எழுந்து ஜன்னலைத் திறக்கப் போனேன். ஜன்னல் ஏற்கெனவே திறந்திருக்கும்.

கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டே இருந்தவள், ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் நின்றாள்.

"யாரு அவ?"

"எவ?"

"தட்டத் தனியா கழுவுறீங்க. சோப்ப ஒளிச்சு வைக்கிறீங்க. ரெண்டு தடவ பெரம்பலூர் போயிட்டு வந்தீங்க, கடைக்கு ஒரு கெஜம் துணி வரல. யாரு அவ, சொல்லுங்க."

"டாக்டரம்மா" என்றேன்.

அது தப்பான பதில் என்று அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. "டாக்டரயா?" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அதற்கு மேல் மறைத்தால் இன்னும் கெட்டுவிடும் என்று, மெசேஜில் தொடங்கி மேக நோய் வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டினேன். சொல்லி முடித்து, "நான் ஒண்ணும் செய்யல சுல்தானா" என்றேன். அவள் டீயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, சவூதிக்குப் போறதுக்கு ஒவ்வொரு தடவையும் மெடிக்கல் எடுத்தாங்களே. அதுல இது பாக்கலயா?"

யோசித்துப் பார்த்தேன். பார்த்தார்கள் மச்சான். நீங்களும் எடுத்திருக்கிறீர்கள். எச்.ஐ.வி., வி.டி.ஆர்.எல். எல்லாம் அந்த மெடிக்கலில் உண்டு. நாம் யாரும் என்ன டெஸ்ட் என்று கேட்டதே இல்லை, ஃபிட்டா அன்ஃபிட்டா என்பதுதான் கேள்வி. "நம்ம தெருவுல பாதி ஆம்பளைங்க இந்த டெஸ்ட்ட எடுத்தவங்கதான்" என்றாள் சுல்தானா. "ஃபிட்டுன்னு வந்ததும் இனிப்பு வாங்கிக் குடுத்தீங்க. விசாவுக்கு எடுத்தா இனிப்பு, படிக்கிற புள்ளைங்க எடுத்தா மானக்கேடா? அதுக்குப் போயி அந்தப் புள்ளையக் கூட்டத்துல வச்சுக் கத்திட்டு வந்திருக்கீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதோடு விடுவாள் என்று பார்த்தேன். விடவில்லை. குரல் மட்டும் இறங்கிவிட்டது.

"ஒண்ணு சொல்லவா? நீங்க லீவுல வர்றப்பல்லாம் சந்தோசத்தோட சேந்து ஒரு பயமும் வரும் எனக்கு. யார்கிட்ட சொல்றது? டெஸ்ட் எடுக்கணும்னு போனா, புருசன சந்தேகப்படுறாம்பாங்க. உங்கள நான் சந்தேகப்படல. ஆனா இந்தப் பயம், சந்தேகத்தக் கேட்டுக்கிட்டா வருது? எல்லாப் பொம்பளைக்கும் இருக்கும், யாரும் பேச மாட்டோம்."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் இதை என்னிடம் சொன்னதில்லை. நான் வாங்கி வந்த செண்ட் பாட்டிலையும் சேலையையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றவள் உள்ளே இதையும் வைத்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். நான் மறுபடியும், "நான் ஒண்ணும் செய்யல" என்றேன். "அத நான் கேக்கவே இல்லியே. ரிசல்ட் என்னிக்கு?" என்றாள். சனிக்கிழமை என்றேன். "நானும் வரேன்" என்று எழுந்து, என் தனித் தட்டை எடுத்துப் போய் மற்ற தட்டுகளோடு அடுக்கி வைத்தாள்.

சனிக்கிழமை இருவரும் போனோம். பஸ்ஸில் அவள் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கல்யாணமான புதிதில்கூட பஸ்ஸில் அப்படி உட்கார்ந்ததில்லை. டாக்டரம்மா எங்களைப் பார்த்ததும் முதலில் விஷயத்தைச் சொல்லிவிட்டார். "உறுதி பண்ற டெஸ்ட்ல ஒண்ணும் இல்ல சார். உங்களுக்கு அந்த நோய் கிடையாது. மொத டெஸ்ட் தப்பாக் காட்டியிருக்கு." நான் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் சுல்தானா சொன்னாள். சொல்லிவிட்டு, "அது ஏன் டாக்டரம்மா அப்படிக் காட்டுது?" என்று கேட்டாள். சில வைரஸ் காய்ச்சல் வந்து போன பிறகு அப்படிக் காட்டும், சிக்குன்குனியாகூட ஒரு காரணம் என்றார்.

"இவங்களுக்குச் சிக்குன்குனியா வந்து இப்பத்தானே எந்திரிச்சாங்க! கால ஊன முடியாம சுவரப் புடிச்சுக்கிட்டு நடந்தாங்க. பாத்ரூமுக்கு நான்தான் கூட்டிப் போனேன்."

டாக்டரம்மா வாசலில் நின்ற ஜெகதாம்பாளைப் பார்த்தார். "இரும்பு மாதிரி இருக்கேன்னு சொன்னாரும்மா" என்றார் அந்தம்மா. சுல்தானா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழுதுவிட்டாள். டாக்டரம்மா எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

அழுது முடித்ததும் தனக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றாள். "உங்களுக்கு அவசியம் இல்லம்மா, ஆனா விருப்பம்னா எடுக்கலாம்" என்றார் டாக்டரம்மா. விருப்பம்தான் என்றாள். என்னை வெளியே அனுப்பிவிட்டு ஜெகதாம்பாள் கதவைச் சாத்தினார். என்னிடம் கேட்டதைவிட அவளிடம் நிறையக் கேட்டார் போலிருக்கிறது, ரொம்ப நேரம் ஆனது. உள்ளே இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். என்ன பேசினாய் என்று பிறகு கேட்டேன், அது உங்களுக்கு எதற்கு என்றாள். அவளுடைய ரிசல்ட்டும் வந்துவிட்டது. எல்லாம் சரியாக இருக்கிறது. அதைக்கூட அவளாகச் சொன்னதால்தான் எழுதுகிறேன்.

அவள் உள்ளே இருந்தபோது வாசிம் வந்து, "மாமா, டீ சாப்புடுவமா?" என்றான். கேன்டீனில் போய் உட்கார்ந்தோம். அவனைக் கூட்டத்தில் வைத்துக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன், வாய் வேறு மாதிரி பேசியது. "எத்தனையோ வாலண்டியர் வேல இருக்கேடா, மரம் நடலாம், ரத்ததானம் பண்ணலாம். இதுல ஏன்டா போயிச் சேந்த?" என்றேன். அவன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான். ஹாஸ்டலில் அவனுக்குத் தெரிந்த ஒரு பையனுக்குப் புண் வந்திருக்கிறது. டாக்டரிடம் போக வெட்கப்பட்டுக்கொண்டு, சுவரில் நோட்டீஸைப் பார்த்து, தெரிந்தவர் கண்ணில் படக் கூடாதென்று ஜெயங்கொண்டம் வரைக்கும் பஸ்ஸில் போய் லாட்ஜில் ஒரு வைத்தியரைப் பார்த்திருக்கிறான். அவர் என்னவோ பொடியைக் கொடுத்திருக்கிறார். அதைத் தின்று வயிறு புண்ணாகி, வந்த நோயும் முற்றி, வகுப்பில் உட்கார முடியாமல் ஆகிவிட்டான்.

"செத்துரலாம் போல இருக்குடான்னு எங்கிட்ட சொன்னான் மாமா. இங்கதான் கூட்டியாந்தேன். டாக்டர் மேடம் ஒரு வார்த்த திட்டல. ஊசி போட்டாங்க. இப்ப நல்லா இருக்கான், கிரிக்கெட் ஆடுறான். அவன மாதிரி இன்னும் எத்தன பேர் பயந்துக்கிட்டு இருப்பாங்கன்னு தோணுச்சு. அதான் சேந்தேன்."

"யாருடா அந்தப் பையன்?"

"சொல்ல மாட்டேன் மாமா."

"நான் ஒன்னோட மாமன்டா. எங்கிட்டயுமா?"

"நீங்க ரெண்டாந்தடவ வந்துட்டு வெளறிப்போயி வெளில வந்தீங்கள்ல, அப்பவே பாத்துட்டேன். அன்னிக்கு அம்மா ஃபோன் பண்ணி மாமா எப்புடி இருக்காருன்னு கேட்டுச்சு. நல்லா இருக்காருன்னுதான் சொன்னேன். ஷார்ஜால அத்தாகிட்டயும் சொல்லல, யார்கிட்டயும் சொல்லல."

மச்சான், எங்கள் இரண்டு பேரில் யாரை யாருக்கு கார்டியனாக வைத்துவிட்டுப் போனீர்கள் என்று எனக்குக் கொஞ்ச நேரம் குழப்பமாகிவிட்டது. டீ ஆறிவிட்டது. இன்னொன்று வாங்கிக் கொடுத்தான், அதைக் குடித்தேன். "அன்னிக்குக் கத்துனது தப்புடா" என்றேன். "பரவால்ல மாமா. நீங்க வந்து கைய நீட்டுனதப் பாத்துட்டு எங்க கிளாஸ்ல ரொம்ப நாளா தயங்கிக்கிட்டு இருந்தவங்க நாலஞ்சு பேரு வந்து டோக்கன் வாங்குனாங்க" என்றான்.

ஆக நடந்தது இதுதான். உங்களிடம் நான் வேண்டிக்கொள்வது, வாசிமை எதுவும் கேட்காதீர்கள். டெஸ்ட் எடுத்தாயா என்று கேட்கவே கேட்காதீர்கள், நான் கேட்டு என்ன ஆனது என்று பார்த்தீர்கள் அல்லவா? அக்காவுக்கு இது எதுவும் தெரிய வேண்டாம், தெரிந்தால் அடுத்த விமானத்தில் கிளம்பி வந்துவிடுவாள். ஊரிலும் யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. என் கடைக்கு வருகிறவர்கள் அத்தனை பேரும் பெண்கள், என் பெயரோடு இந்த நோயின் பெயரை யாராவது சேர்த்துச் சொன்னால் அன்றோடு கடையைச் சாத்த வேண்டியதுதான். ஆகவே வாசிம் பட்டம் வாங்குகிற நாள் வரைக்கும் அந்தக் கல்லூரிப் பக்கம் தலை வைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வெயிலில் அலையாதீர்கள். உங்கள் சம்பாத்தியத்திலும் ஆயுளிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. நம் பிள்ளைக்கு நல்ல கல்வியையும் நல்ல சிநேகிதர்களையும் தருவானாக. அந்த முகம் தெரியாத ஹாஸ்டல் பையனையும் உங்கள் துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள். சுல்தானா உங்களுக்கும் அக்காவுக்கும் ஸலாம் சொல்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் பிரியமுள்ள மைத்துனன்,
ஜபருல்லா.

பின்குறிப்பு: கவரை ஒட்டிய பிறகு பிரித்து இதை எழுதுகிறேன். டாக்டரம்மா நம் ஊரில் ஒரு முகாம் நடத்த இடம் தேடினாராம். சுல்தானா என்னைக் கேட்காமலே நம் கடை மாடியைக் கொடுத்துவிட்டாள். ஃபிளெக்ஸ் போர்டு அடிக்கிற பொறுப்பை அருள்முருகன் எடுத்துக்கொண்டார். 'ரத்தப் பரிசோதனை முகாம்' என்று மட்டும் போடுங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். அவர் 'பாலியல் நோய்த்தொற்றுப் பரிசோதனை முகாம்' என்று சிவப்பில் போட்டு, அதற்குக் கீழே என் ஃபோட்டோவையும் போட்டுவிட்டார். ஏதோ கல்யாண வலீமா விருந்தில் பிரியாணிக்கு முன்னால் சிரித்துக்கொண்டு இருக்கிற ஃபோட்டோ. கீழே 'தொடர்புக்கு' என்று என் நம்பர். பஸ் ஸ்டாப்பில் கட்டியாகிவிட்டது, வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது. சற்று முன் நீங்கள் அதற்குக் கட்டைவிரல் போட்டிருந்தீர்கள், அக்கா இதயம் போட்டிருக்கிறாள். காலையிலிருந்து ஃபோன் ஓயவில்லை. திட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நடுங்கிக்கொண்டே எடுத்தேன். ஆம்பளை, பொம்பளை எல்லாரும் குரலைத் தாழ்த்தி ஒன்றையேதான் கேட்கிறார்கள்: "எத்தன மணிக்கு வந்தா கூட்டம் இருக்காது பாய்?" அத்தனை பேருக்கும் மத்தியானம் இரண்டு மணி என்று சொல்லிவிட்டேன். இப்போது ஊரே இரண்டு மணிக்குத்தான் வரப் போகிறது.